பூச்சடைப் படம்

2024 ஜனவரி 4, வியாழன்

குற்றாலம் அண்ணன் போன் செய்தார். பெரியப்பா மகன். முழுப்பெயர் குற்றாலிங்கம், கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற ஆம்பளைக்குப் பொழுது போகாவிட்டால் வம்சப் பெருமை ஞாபகம் வந்துவிடும் போலிருக்கிறது. சித்திரை ஒன்றாம் தேதி சொந்தக்காரர்கள் எல்லாரையும் பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்தில் கூட்டி, 'குடும்ப மலர்' வெளியிடப் போகிறாராம். ஆளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு படம், படத்துக்குக் கீழே நாலு வரி. கிளைக்கு ஒருத்தரிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார். எங்கள் கிளைக்கு நான்.

"நீதான் சும்மா இருக்கியேட்டி செண்பகம்" என்றார். தொலைபேசி நிலையத்தில் காலமெல்லாம் உட்கார்ந்து ஊராரை ஊராரோடு பேசவைத்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவளுக்குக் கிடைக்கிற மரியாதை இது.

எங்கள் கிளை ரொம்பச் சின்னது. அப்பா காலமாகி ஐந்து வருஷம் ஆகிறது. அம்மா ஆவுடையம்மாள், நான் தவழ்வதற்கு முன்பே போய்விட்டாள். அதற்கடுத்த வருஷம் அவளுடைய தங்கை வடிவு அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து என்னை வளர்த்தாள். அம்மாவின் தங்கை என்றாலும் சித்திதான், அப்பாவின் இரண்டாம் தாரம் என்றாலும் சித்திதான், எனக்கு ஒரே வார்த்தையில் வேலை முடிந்தது. கல்யாணம் எனக்கும் நடந்தது. மாமியார் கை சாம்பார் ஒத்துவராமல் மூன்று வருஷத்தில் திரும்பி வந்துவிட்டேன். இப்போது இந்த வீட்டில் நானும் சித்தியும்தான்.

அம்மாவுக்குப் படம் கிடையாது. அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. மலருக்கு வேண்டுமென்பதால் தேடிப் பார்க்கப் போகிறேன், அவ்வளவுதான்.

ஜனவரி 11, வியாழன்

பொங்கலுக்கு வீடு ஒதுங்கவைக்கிற சாக்கில் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினேன். உள்ளே அப்பாவின் கோட்டு, மூக்குக்கண்ணாடி, யாரோ பழனியில் வாங்கிய சந்தன மாலை, என் பால்பற்கள் இரண்டு. என் பல்லைப் பத்திரப்படுத்தத் தெரிந்தவர்களுக்கு அம்மா படத்தைப் பத்திரப்படுத்தத் தெரியவில்லை.

"என்னத்தட்டி நோண்டுத?" என்று சித்தி கேட்டாள்.

"அம்மா படம் ஏதாவது கெடக்கான்னு பாக்கேன். மலருக்கு."

"அதுல ஒண்ணும் இல்ல. பூச்சிதான் இருக்கும். கைய கழுவிட்டு வந்து அவரக்காய அரி."

அவரைக்காயை அரிந்தேன்.

ஜனவரி 17, புதன்

சித்தியைப் பற்றி ஒரு விஷயம் எழுதிவைக்க வேண்டும். பூசை அறைக்கு வெளியே இந்த வீட்டில் மாட்டியிருக்கிற படம் ஒன்றே ஒன்று. சாப்பாட்டு மேசைக்கு மேலே. சித்தி பெரியமனுஷியான சடங்கில் எடுத்தது. நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். முதுகு நிறையப் பூ வைத்துத் தைத்த சடை. எதிரே நிலைக்கண்ணாடி, அதில் அவள் முகம். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் எடுப்பார்கள், சடையும் விழவேண்டும், முகமும் விழவேண்டும். பாதிச் சிரிப்பு. மீதியைப் போட்டோக்காரர் அதட்டி நிறுத்தியிருப்பார்.

அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பெருமாளும் முருகனும் பூசை அறையில் இருக்க, நடுவீட்டில் தன் படத்தை மட்டும் மாட்டிக்கொள்ள ஒரு தைரியம் வேண்டும். தூசி தட்டக்கூட என்னை விடமாட்டாள். அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. அந்தப் படத்துக்கு நேர் எதிர் நாற்காலியைத் தவிர வேறெதிலும் உட்கார்ந்து சாப்பிடமாட்டார். "பெண்டாட்டி பக்கத்துல நின்னு பரிமாறுதா, இவரு படத்தைப் பாத்துச் சாப்பிடுதாரு" என்று நான் கிண்டல் செய்வேன். அப்பா ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்.

அக்கா படத்தையெல்லாம் வடிவு அடுப்பில் போட்டுவிட்டாள் என்று சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. என் காதுபடவே பேசியிருக்கிறார்கள். நான் நம்பினேனா என்று இந்த நோட்டில் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை.

ஜனவரி 28, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். மலருக்கு வந்த படங்களை மேசை முழுக்கப் பரப்பிவைத்திருந்தார். தாத்தா விமானத்தில் உட்கார்ந்திருக்கிற படத்துக்குக் கீழே, 'அக்காலத்திலேயே ஆகாய மார்க்கமாகப் பயணித்த நம் குலத்தின் முதல் மகன்' என்று எழுதிவிட்டார்.

"அண்ணே, விமானத்துக்குக் கீழ ரெண்டு செருப்புக்கால் தெரியுது."

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பொருட்காட்சி ஸ்டுடியோவின் அட்டை விமானம். தாத்தா அதன் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் மனைவி பகவதி மதினி சிரிப்பை அடக்க முடியாமல் காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். அண்ணன் யோசித்துவிட்டு, 'ஆகாய மார்க்கத்தில் ஆர்வம் கொண்ட' என்று திருத்தினார்.

அம்மாவுடைய கட்டத்தையும் காட்டினார். பெயர் அச்சடித்து, நடுவில் வெள்ளையாக இருந்தது. "கிடைக்கலேன்னா 'படம் கிடைக்கவில்லை'ன்னு போட்டுருவோம்" என்றார். அதற்கென்ன, போடட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் என் நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

அம்பாசமுத்திரம் போய் வந்தேன். அம்மா பிறந்த வீட்டை விற்று ரொம்ப வருஷமாகிறது. அங்கே இப்போது டைல்ஸ் கடை. கடைக்காரர், "படமா? வீட்டுல கறையான்தான்க்கா இருந்துச்சு" என்றார்.

அவள் படித்த பள்ளிக்கூடத்தில் அலைந்து பழைய சேர்க்கைப் பதிவைப் பார்த்தேன். படம் ஒட்டுகிற வழக்கமெல்லாம் அப்போது இல்லை. அங்க அடையாளம் என்று மட்டும் போட்டிருந்தது: 'இடது முழங்கையில் தழும்பு'. முகத்தைத் தேடிப் போனவளுக்கு முழங்கை கிடைத்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் தண்ணீர் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று தெரியவில்லை, நான் நன்றாகத்தான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சித்தியிடம், "அம்மாவுக்கு முழங்கையில தழும்பு எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"என்னை முதுகுல தூக்கிட்டு உப்பு மூட்டை விளையாடி விழுந்தா" என்றாள். அடுக்களைக்குள் போய் ரொம்ப நேரம் பாத்திரம் தேய்த்தாள். பாத்திரம் அத்தனை இல்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

தை அமாவாசை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்து இலை போட்டோம். அப்பா படத்தைப் பூசை அறையிலிருந்து எடுத்து மாலை போட்டு வைத்தாள் சித்தி. அம்மாவுக்கு வழக்கம்போல வெறும் விளக்கு.

பிப்ரவரி 18, ஞாயிறு

அண்ணனுக்குச் சித்தியின் சடங்குப் படம் வேண்டுமாம், அவள் கட்டத்துக்கு. செல்போனில் எடுத்து அனுப்பினேன். கண்ணாடியில் டியூப்லைட் வெளிச்சம் பட்டு, சித்தி மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குழல்விளக்கு. சட்டத்தைக் கழற்றிக் கொண்டுவா என்கிறார்.

"கழட்டவே கூடாது" என்று சித்தி நின்றாள்.

"உன் அழகு ஒண்ணும் கொறஞ்சிராது சித்தி."

"கொறஞ்சா நீ தருவியா?"

வேண்டுமானால் ஓட்டு அட்டையில் உள்ள படத்தைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அந்த அட்டைப் படத்தில் யாரும் யார் மாதிரியும் இருக்கமாட்டார்கள்.

மார்ச் 5, செவ்வாய்

சித்திக்குக் கண்புரை ஆப்பரேஷன். சேர்த்தாயிற்று. நாளைக் காலையில் செய்கிறார்கள். "எனக்குத் துணைக்கு ஆள் வேண்டாம், நர்ஸ் பிள்ளைகள் இருக்காக, நீ போய்ப் பாலைக் காய்ச்சு" என்று என்னை விரட்டினாள்.

வீட்டுக்கு வந்தேன். சுவரில் படம். வீட்டில் சித்தி இல்லை. திருட்டுப் பூனைக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது. ஸ்டூலைப் போட்டு ஏறிக் கழற்றி, துண்டில் சுற்றிப் பையில் வைத்து, அண்ணன் வீட்டில் கொடுத்தேன்.

பகவதி மதினிதான் பின்பக்க ஆணிகளை நெம்பினாள். சட்டத்துக்குள் ஒரு அட்டையை வெட்டிவைத்து, இடுப்புக்குமேல் மட்டும் தெரிகிற மாதிரி மறைத்திருந்தது. அட்டையை எடுத்தால் படம் இன்னும் கீழே போகிறது. இடுப்பில் ஊன்றிய கை. கை முழுக்க, முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல்.

"இது சடங்குப் படம் இல்லலா. வளைகாப்புப் படம்லா" என்றாள் மதினி. நிலைக்கண்ணாடியின் கீழ்ப்பாதியைச் சுட்டிக் காட்டினாள். வயிறு தெரிந்தது.

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மதினி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

சித்திக்கு வளைகாப்பு நடக்கவில்லை. சித்திக்குப் பிள்ளையே பிறக்கவில்லை.

மார்ச் 6, புதன்

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. இட்லி கொடுத்தேன்.

மார்ச் 7, வியாழன்

சித்தி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பார்க்க ரிட்டயர்ட் போலீஸ் அதிகாரி மாதிரி இருந்தாள். செருப்பைக் கழற்றியதும் முதலில் பார்த்தது சுவரைத்தான். வெறும் ஆணி.

"படம் எங்க?"

"அண்ணன் வீட்டுல."

"யாரைக் கேட்டுக் கழட்டுன?"

"சித்தி, அந்தக் கையில வளையல் இருக்கு."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அப்பாவின் நாற்காலி. "பச்சை வளையல்" என்றாள்.

"கறுப்பு வெள்ளைப் படத்துல பச்சைன்னு எப்படித் தெரியும்?"

"நான்தானட்டி அடுக்கிவிட்டேன்."

நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அவள் குடிக்கவில்லை, நான்தான் குடித்தேன்.

அதற்குப்பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பிள்ளைத்தாய்ச்சி முகத்தைப் படம் எடுத்தால் கண்பட்டுவிடும் என்று அவர்கள் அம்மா தடுத்தாளாம். ஆவுடை கேட்கவில்லை. "முதுகைத்தான எடுக்கப் போறாரு, முகத்தையா எடுக்காரு?" என்று சொல்லி நிலைக்கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். கண்ணாடியில் முகம் விழும் என்று அவர்கள் அம்மாவுக்குத் தோன்றவில்லை, படம் வந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நான் பிறந்துவிட்டேன். அவள் போயும் விட்டாள்.

"நான் இந்த வீட்டுக்கு வரும்போது அந்தப் படத்தைப் பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டாந்தேன். என் மாமியா பாத்துட்டா. செத்தவ படத்தைக் கல்யாண வீட்டுல வைக்கக்கூடாது, ஆத்துல விடுன்னா. அய்யோ அத்தே, இது நான்லா, என் சடங்குப் படம்லான்னேன்."

"நம்பிட்டாகளா?"

"நம்பாம? ரெண்டு பேரும் ஒரே அச்சு. வளையலும் வயிறும் தெரியாம அட்டை வச்சு மறைச்சு, சட்டம் போட்டு மாட்டிட்டேன். உசிரோட இருக்கவ படத்தை யாரு ஆத்துல விடுவா?"

"அப்பாவுக்கு?"

சித்தி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டாள். டாக்டர் கழற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

"தாலி கட்டினவருக்குத் தெரியாதா? ஒருநாளும் கேக்கலை. நானும் சொல்லலை. இந்த நாற்காலியை மட்டும் மாத்தமாட்டேன்னாரு."

இதே மேசையில் நான் அடித்த கிண்டலெல்லாம் ஞாபகம் வந்தது. பக்கத்தில் நின்று பரிமாறியவள் அத்தனையையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

"அடுப்புல போட்டுட்டேன்னு ஊரே பேசுச்சே சித்தி. எனக்காவது சொல்லக்கூடாதா?"

"நீ வயசுக்கு வரட்டும்னு இருந்தேன். பெறகு கல்யாணம் ஆகட்டும்னு இருந்தேன். நீ திரும்பி வந்துட்ட. அன்னைக்குப் போயி இதைச் சொல்லவா? இதுக்கு நடுவுல வாரவுக போறவுக எல்லாம், வடிவு எம்புட்டு அழகா இருந்திருக்கேன்னாக. இல்லன்னு சொல்ல வாய் வரலட்டி."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரக்கூடாது என்று வேறு டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரு அறிவுரைகூட எங்கள் வீட்டில் செல்லுபடியாகவில்லை.

பிறகு அவள் சொன்னாள்: "சொன்னா என்ன பண்ணுவிய? பொட்டு வைப்பிய, மாலையப் போட்டுப் பூசை ரூமுக்குக் கொண்டு போவிய. அவளுக்கு இருபத்தொரு வயசுட்டி. இங்கன இருந்தா நீ சாப்பிடுததைப் பாத்துக்கிட்டாவது இருப்பா."

எனக்கு ஐம்பத்தேழு வயதாகிறது. ஒரு சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். எழுதிவைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மார்ச் 9, சனி

படம் திரும்பி வந்துவிட்டது. அட்டை இல்லாமல் புதுச் சட்டம் போட்டு மாட்டினேன். இட்லி, சாம்பார். அம்மாவுக்கு என் மாதிரியே காது பெரிது. இத்தனை வருஷமாகச் 'சித்திக்கு யானைக்காது' என்று நினைத்திருந்தேன், பக்கத்திலிருக்கிற சித்தியின் காதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு அளவான காது.

கண்ணாடியில் தெரிகிற வயிற்றில் இருப்பது நான். என் முதல் படமும் இதுதான். அதையும் சேர்த்து அண்ணனிடம் சொல்லவேண்டும், எனக்கு இன்னொரு கட்டம் கேட்டால் தலையில் கைவைத்துக்கொள்வார்.

மார்ச் 20, புதன்

அண்ணன் பரபரப்பாக இருக்கிறார். ஆவுடைச் சித்தியின் படம் கிடைத்ததே இந்த மலரின் மாபெரும் கண்டுபிடிப்பாம். மேடைக்குப் பக்கத்தில் மறைந்தவர்கள் படத்தையெல்லாம் வரிசையாக வைக்கப் போகிறார். அம்மா படத்தைப் பெரிதாக்கி, சந்தனப் பொட்டு வைத்து, ஆளுயர ரோஜா மாலை. மாலைக்குச் சொல்லியும் விட்டார்.

சித்தியிடம் சொன்னேன். "அவுக இஷ்டம்" என்றாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை. வயிறு மந்தமாம்.

ஏப்ரல் 3, புதன்

அச்சுக்குப் போகுமுன் எங்கள் கிளைப் பக்கத்தைத் திருத்தித் தரச் சொல்லி அண்ணன் அனுப்பினார். திருத்தினேன். நான் போட்டபடியே அச்சாகவேண்டும், ஒரு புள்ளி மாறினாலும் மண்டபத்துக்கு வரமாட்டேன் என்று எழுதி அனுப்பினேன். பதிலுக்கு அவர் மூன்று முறை போன் செய்தார். எடுக்கவில்லை. நாலாவது முறை மதினி பேசினாள்: "நீ போட்டபடியே இருக்கட்டும்ட்டி. அவரை நான் பாத்துக்கிடுதேன்."

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. மண்டபம் நிறைய ஆள். கேசரி நன்றாக இருந்தது, காபி வெந்நீர்.

மலர் கைக்கு வந்ததும் ஆரம்பித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு கட்டம், பக்கத்திலேயே சித்திக்கு ஒரு கட்டம். இரண்டிலும் அதே பூச்சடை, அதே நிலைக்கண்ணாடி, அதே பாதிச் சிரிப்பு. ஒருவர் மாற்றி ஒருவர் வந்து காதோடு சொன்னார்கள், அச்சுப்பிழை என்று. பிழையில்லை, அக்கா தங்கச்சி என்று எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னேன்.

அண்ணன் ரோஜா மாலையைத் தூக்கிக்கொண்டு வரிசையிலிருந்த பெரிய படத்தை நோக்கிப் போனார். நான் குறுக்கே நின்றேன்.

"உசிரோட இருக்கவுக படத்துக்கு மாலை போடலாமா அண்ணே?"

"ஏட்டி, இது ஆவுடைச் சித்தி படம்லா?"

"மலர்ல பாருங்க. வடிவுச் சித்தி படமும் இதுதான். அவுக அந்தா முன்வரிசையில கேசரி சாப்பிடுதாக."

அண்ணன் மலரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். வேதியியலில் இதற்கு விடை இல்லை. மாலை கனம் வேறு. கடைசியில் அதைக் கொண்டுபோய் விமானத் தாத்தாவுக்கு இரண்டாவது மாலையாகப் போட்டுவிட்டார். அம்மா படத்தை நான் வரிசையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து சித்திக்குப் பக்கத்து நாற்காலியில் வைத்தேன். சித்தி கேசரிக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, படம் சாய்ந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். விழா முடிகிறவரை கையை எடுக்கவில்லை.

ஆட்டோவில் வரும்போது மலரை விரித்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். புதுக்கண் நன்றாகத் தெரிகிறது.

"ஏன்ட்டி, எனக்குன்னு ஒரு படம் கெடைக்கலியாக்கும்? அவ படத்தையே எனக்கும் போட்டிருக்க?"

"உன் சடங்குல எடுத்தது எங்க சித்தி? அதைக் கொடு, அடுத்த பதிப்புல போட்டுருதேன்."

"என் சடங்குல எங்க எடுத்தாக."

"கல்யாணத்துல?"

"ரெண்டாந்தாரக் கல்யாணத்துக்குப் போட்டோக்காரன் வேற வருவானாக்கும்."

"அதுக்கப்புறம்? ஸ்டுடியோ எத்தனை இருந்துச்சு ஊர்ல. அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"என்னத்துக்கு? எனக்குத்தான் வீட்டுல ஒண்ணு மாட்டிருக்கே" என்று சொல்லிவிட்டு, பக்கத்தைத் திருப்பி அட்டை விமானத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அம்மா முகம் எனக்குக் கிடைத்துவிட்டது. என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்த பதினெட்டு வயதுச் சித்தியின் முகம் எப்படியிருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அதற்கு எங்கே போய்த் தேடுவது என்றும் தெரியவில்லை.